டைரக்டருக்குச் சுளுக்கு

ஜீவனஹள்ளியில் போய் அய்யாவு வீடு எது என்று கேட்டால், எந்த அய்யாவு என்று திருப்பிக் கேட்பார்கள். டெம்ப்ரவரி அய்யாவு என்று சொன்னால் போதும், சோடாக்கடைக்காரர் கடையை விட்டு இறங்கிவந்து வழிகாட்டுவார். ஒரே ஆராய்ச்சிக்கூடத்தில் பத்து வருஷம் வேலை, பத்து வருஷமும் தற்காலிகம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு தாள் வரும், இன்னும் ஆறு மாதம் இருந்துகொள் என்று சொல்லும். நேற்றுப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைபோலப் பத்து வருஷம் நாற்காலி நுனியிலேயே உட்கார்ந்திருக்க எந்த மனுஷனால் முடியும்? அய்யாவுக்கு இந்த உலகத்தில் வேண்டியிருந்தது ஒரே ஒரு சொல். பர்மனென்ட். அந்தச் சொல்லுக்காகத்தான் அவர் தம் மனைவியை அழைத்துக்கொண்டுபோய்த் தம் மேலதிகாரியின் முதுகில் கால் வைக்கச் சொன்னார்.

அவசரப்படாதீர்கள், சொல்கிறேன். அதற்கு முன்னால் பூட்ஸைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

காக்ஸ் டவுனில் ஒரு வெள்ளைக்காரக் கேப்டன் பங்களாவில் அய்யாவு வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்குப் பதினான்கு வயது. சமையலுக்கு ஓர் ஆள், குதிரைக்கு ஓர் ஆள், அய்யாவு பூட்ஸுக்கு. பூட்ஸின் மூக்கு உருண்டையாக இருக்கும். அந்த உருண்டையின் மேல் துணியை ஒரே திசையில் இழுக்க வேண்டும், ஒரே அழுத்தத்தில் இழுக்க வேண்டும். நடுவில் குறுக்கே ஓர் இழுப்பு போய்விட்டால் கேப்டன் அதை வெயிலில் காட்டிப் பார்ப்பார், பிறகு அந்த பூட்ஸ் அய்யாவின் தலையை நோக்கிப் பறந்துவரும். ஆறு வருஷத்தில் பூட்ஸ் பறப்பது நின்றது. உருண்டையான பொருளின்மேல் துணியை நேராக ஓட்டும் வித்தை அய்யாவின் விரலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

நாற்பத்தேழில் நாட்டுக்குச் சுதந்திரம் வந்தது, அய்யாவுக்கு வேலை போனது. கேப்டன் கப்பலேறினார். புதிதாக வந்த பெரியவர்கள் எல்லாம் செருப்புப் போட்டார்கள். நாட்டுப்பற்று நல்லதுதான், செருப்பில் தேய்க்க என்ன இருக்கிறது என்று அய்யாவு அன்றைக்கு நொந்துகொண்டார். அதற்கப்புறம் கல்யாண பேண்டு கோஷ்டியில் பித்தளை ஊதுகுழல்களைப் பளபளக்க வைத்தார். கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் கண்ணாடிக் கடையில் துடைத்தார். கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆவதுபோல வேலைகள் சிறுத்துக்கொண்டே வந்தன. ஐம்பத்தெட்டில்தான் ஓசூர் ரோட்டுப் பக்கம், பட்டாளத்தின் பழைய குதிரை லாயத்துக்குச் சுண்ணாம்பு அடித்து ஆராய்ச்சிக்கூடம் என்று பலகை மாட்டிய இடத்தில், கண்ணாடிச் சாமான் கழுவும் அட்டெண்டராகச் சேர்ந்தார். தற்காலிகமாக.

ஒன்பது வருஷம் அவர் கழுவினார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அறுபத்தேழில் மைசூரிலிருந்து அலர்மேல்மங்கை என்ற பெண் ஆராய்ச்சிக்கு வந்தாள். ஒல்லியாக இருப்பாள், மூக்குக்கண்ணாடி எப்போதும் நெற்றியில் இருக்கும், அதைத் தேடிக்கொண்டே இருப்பாள். அவளிடம் ஒரு மஞ்சள் பொடி இருந்தது. அதை அடுப்பில் வைத்துச் சூடேற்றினால் உருகும். ஆனால் ஒழுங்கான பொருள்போலப் பளிச்சென்று உருகாது, கஞ்சித் தண்ணீர்போலக் கலங்கி நிற்கும். இன்னும் சூடேற்றினால் திடீரென்று தெளிந்துவிடும். அந்தக் கலங்கிய நிலைதான் அவளுக்கு உயிர். தண்ணீர்போல ஓடும், ஆனால் கல்கண்டுபோல உள்ளே ஓர் ஒழுங்கு இருக்கும் என்று அவள் சொன்னபோது, இரண்டில் ஒன்று சொல்லுங்கம்மா என்று அய்யாவு கேட்டார். அதுதானே ஆராய்ச்சி என்றாள்.

அவருக்குப் புரியும்படி அவள் குச்சிக் கணக்கில் சொல்லிக் கொடுத்தாள். அந்தக் கஞ்சிக்குள் கண்ணுக்குத் தெரியாத குச்சிகள் கோடி கோடியாக இருக்கின்றன. எல்லாம் ஒரே பக்கம் பார்த்து, ஒன்றுக்கொன்று அணைந்து கிடக்கும். பாயில் வரிசையாகப் படுத்திருக்கும் பிள்ளைகள் மாதிரியா என்று அய்யாவு கேட்டார். ஓரத்துப் பிள்ளை திரும்பினால் பக்கத்துப் பிள்ளையும் கொஞ்சம் திரும்பும், அதற்குப் பக்கத்துப் பிள்ளை இன்னும் கொஞ்சம். அதேதான் என்று அவள் துள்ளினாள். அந்தப் பிள்ளைகளை விசிறிபோல விரிக்கலாம், முறுக்கலாம், வளைக்கலாம். விட்டால் பழையபடி நேராகிவிடும், ரப்பர் மாதிரி. எந்தச் சேட்டைக்கு எவ்வளவு முரண்டு பிடிக்கிறது என்று அளப்பதுதான் அவள் வேலை. அதற்காக ஒரு குழிந்த கண்ணாடிக்கும் ஒரு குவிந்த கண்ணாடிக்கும் நடுவே அந்தக் கஞ்சியை ஒரு சொட்டு விட்டு, சூடான மேடையில் வைத்து, பூதக்கண்ணாடியில் பார்ப்பாள்.

ஓரத்துப் பிள்ளைகளை எந்தப் பக்கம் பார்த்துப் படுக்க வைப்பது? அங்கேதான் விஷயம். கண்ணாடியைத் துணியால் எந்தத் திசையில் தேய்க்கிறோமோ அந்தத் திசையில் அவை படுத்துக்கொள்ளும். அவளும் தேய்த்தாள், உடன் ஆராய்ச்சி செய்த பாலகிருஷ்ணனும் தேய்த்தான். பாலகிருஷ்ணன் தோசைக்கல்லில் எண்ணெய் தடவுகிறவன்போல வட்டம் வட்டமாகத் தேய்ப்பான். பூதக்கண்ணாடியில் பார்த்தால் உள்ளே பாம்புக் கூடையைக் கவிழ்த்ததுபோல இழை இழையாக நெளியும். நான்கு மாதம் இப்படியே போயிற்று. அந்தப் பெண் அழுததையும் அய்யாவு பார்த்திருக்கிறார், பார்க்காததுபோல நகர்ந்திருக்கிறார்.

ஒருநாள் அவள் சாப்பிடப் போன நேரத்தில் அய்யாவு அந்த இரண்டு கண்ணாடிகளையும் கழுவித் துடைத்து வைத்தார். பூட்ஸ் மூக்கைத் துடைப்பதுபோலத்தான் துடைத்தார், அவருக்கு வேறு விதம் தெரியாது. அவள் வந்து, அலுப்பில் திரும்பத் தேய்க்காமல் அப்படியே சொட்டை விட்டுப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பாம்பும் இல்லை, பல்லியும் இல்லை. ஒரே சீரான இருட்டு. மேடையைத் திருப்பினால் ஒரே சீரான வெளிச்சம். குச்சிகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்துப் படுத்துவிட்டன என்பதற்கு அதுதான் அடையாளம்.

"அய்யாவு, இதை எப்படித் தொடச்சேள்?" என்று கேட்டாள். ஏதோ உடைத்துவிட்டோம் என்று நினைத்து, அய்யாவு மன்னிப்புக் கேட்டார்.

அன்றிலிருந்து தேய்ப்பு அவருடைய இலாகா. எட்டு மாதம் அவர் தேய்த்தார், அவள் அளந்தாள், மூன்று நோட்டுப் புத்தகம் நிரம்பியது. பாலகிருஷ்ணனை அவர் அந்தத் துணியைத் தொடக்கூட விடுவதில்லை.

இனி வருகிறது அறுபத்தெட்டு மார்ச். டெல்லித் தலைமை ஆபீசிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. மார்ச் முப்பத்தொன்றுக்குள் தற்காலிகப் பணியிடங்களை டைரக்டர் பரிந்துரைத்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் நிரந்தரம். இல்லாவிட்டால் பணியிடமே ரத்து. முப்பத்தொன்று ஞாயிற்றுக்கிழமை. அய்யாவின் ஃபைல் டைரக்டர் தாஸின் மேஜையில் மூன்று வாரமாகக் கிடந்தது. தாஸ் கல்கத்தாப் பக்கத்துக்காரர், தமிழ் ஒரு சொல் தெரியாது, கடுகடுப்பான மனிதர், தனிக் கட்டடத்தில் தனி அறையில் இருப்பார். கையெழுத்தானால் அய்யாவு மனுஷன். ஆகாவிட்டால் நாற்பத்தொன்றாம் வயதில் மறுபடியும் பேண்டு கோஷ்டி ஊதுகுழல். நாளுக்கு நான்கு தடவை அவர் காலண்டரைப் பார்த்தார்.

வியாழக்கிழமை காலை அவர் கழுவுத்தொட்டிப் பக்கம் நின்றிருந்தார். அலர்மேல்மங்கையும் பாலகிருஷ்ணனும் வேர்க்கடலை கொறித்துக்கொண்டு ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். பங்களாவில் ஆறு வருஷம் இருந்தவருக்கு ஆங்கிலம் பாதி புரியும். அந்தப் பாதிதான் ஆளைக் கொல்லும். டைரக்டர் சுவர் ஓரத்தில் ஃப்ளாட்டாகப் படுத்திருக்கிறார் என்று அவள் சொன்னாள். நடுவில் பயங்கரமாக பெண்டாகியிருக்கிறார். ட்விஸ்டும் இருக்கிறது. டெம்பரேச்சர் என்ன என்று பாலகிருஷ்ணன் கேட்டான். நூற்றிருபது டிகிரி என்றாள். அப்புறம் அவன் சிரித்துக்கொண்டே சொன்னான், நூற்று முப்பத்தைந்தைத் தொட்டால் எல்லாம் முடிந்தது, டைரக்டரே கிடையாது. அவளும் சிரித்துக்கொண்டு ஒரு கடலையை வாயில் போட்டாள்.

அய்யாவின் கையிலிருந்த குடுவை தொட்டிக்குள் விழுந்தது.

அந்த மாதம் கப்பலில் வந்த ஒரு வெளிநாட்டுச் சஞ்சிகையில், அந்தக் குச்சிகள் பார்க்கும் திசைக்கு டைரக்டர் என்று பெயர் வைத்திருந்தார்கள் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? அய்யாவிடம் பேசும்போது அவள் குச்சி என்றுதான் சொல்வாள். பாலகிருஷ்ணனிடம்தான் இந்தப் புதுப் பெயர். ஆங்கிலத்திலே 'இஸ்' என்று ஒரு சொல்லை வைத்துக்கொண்டு துரைக்கும் அதுதான், துடைப்பத்துக்கும் அதுதான் என்று ஓட்டிவிடுகிறார்கள். இதையே தமிழில் பேசியிருந்தால், படுத்திருக்கிறாரா படுத்திருக்கிறதா என்று ஒரு விகுதியில் குட்டு வெளிப்பட்டிருக்கும். தமிழில் பேசக் கூச்சப்பட்டு ஆங்கிலத்தில் பேசுகிறவர்களால் ஊருக்கு என்னென்ன கேடு வருகிறது பாருங்கள்.

ஒருவேளை காது கேட்டது தப்போ என்று அய்யாவு டைரக்டரின் கட்டடத்துக்கு ஓடினார். வாசலில் சூப்பரின்டெண்ட் ஓஸ்வால்ட் உட்கார்ந்திருந்தார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் என்பார்களே, அந்தப் பூசாரி. டைரக்டர் இந்த வாரம் யாரையும் பார்க்கமாட்டார், சாப்பாடுகூட உள்ளேதான் போகிறது என்று அவர் சொன்னார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே தச்சர் ஒருவர் ஆள் நீளத்துக்கு ஒரு பலகையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். முதுகு பிடித்துக்கொண்டவர்களைப் பலகையில் படுக்க வைப்பார்கள் என்பது ஜீவனஹள்ளியில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். உண்மையில் தாஸ் புதுக் கட்டடத்துக்கு வரைபடம் போட்டுக்கொண்டிருந்தார், பலகை அந்தப் படத்தை விரிக்க. அது அய்யாவுக்கு யார் சொல்வார்கள்?

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் மனைவி யசோதாவிடம் எல்லாவற்றையும் கொட்டினார். யசோதா தங்கவயல்காரி. சாம்பியன் ரீஃப் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில், தலைக்கு முன்னால் காலை நீட்டிக்கொண்டு பிறந்தவள். காலால் பிறந்தவர்கள் சுளுக்கு விழுந்த இடத்தைக் காலால் மூன்று தடவை தடவிவிட்டால் சுளுக்குப் போய்விடும் என்பது ஊரறிந்த வைத்தியம். ஜீவனஹள்ளியில் ஞாயிற்றுக்கிழமை அவள் வாசலில் கூட்டம் நிற்கும். மில் தொழிலாளி, குதிரைவண்டிக்காரர், கோயில் பூசாரி, ஒரு தடவை மெதடிஸ்ட் பாஸ்டர், எல்லாருடைய முதுகிலும் அவள் கால் பட்டிருக்கிறது. காசு வாங்கமாட்டாள். வாங்கினால் கால் பலிக்காது.

அவள் முழுவதையும் கேட்டுவிட்டு முதலில் காய்ச்சலைத் தள்ளுபடி செய்தாள்.

"நூத்தி இருவதா? அதுல இட்லி வெந்துடுமேய்யா. காய்ச்சல் நம்ம டிபார்ட்மென்ட் இல்ல. வளைஞ்சிக்கினாரு, முறுக்கிக்கினாரு, செவுரு ஓரமா படுத்துக்கினு கீறாரு, அது சுளுக்குதான். அதுக்கு நான் கீறேன்."

பெரிய அதிகாரி முதுகில் கால் வைத்தால் வேலை போகும் என்று அய்யாவு சொன்னார். வைக்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமையே போகும் என்று அவள் சொன்னாள். யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னதில் ஓட்டை இல்லை. பாஸ்டரைவிடப் பெரிய ஆளா உங்கள் டைரக்டர், பாஸ்டர் மறுநாளே மரத்தில் ஏறி மாங்காய் பறித்தாரே என்றும் சொன்னாள். அய்யாவுக்கு அழுகை வந்தது. பத்து வருஷத்தில் முதல்தடவையாக, தமக்காக இல்லாமல், அந்தக் கடுகடுப்பு மனிதர் தனியாகப் பலகையில் கிடப்பதை நினைத்தும் கொஞ்சம் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை பத்தரை. யசோதா பச்சைப் புடவை கட்டி, காலை மஞ்சள் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்திருந்தாள். வேலைக்குக் கொண்டுவந்த ஆயுதம் சுத்தமாக இருக்க வேண்டாமா? ஓஸ்வால்ட் வழிமறித்தார். அவர் மறித்த விதத்தை யசோதா உற்றுப் பார்த்தாள். கழுத்தைத் திருப்பாமல் உடம்பு முழுவதையும் திருப்பினார். ராத்திரி தலையணை சரியில்லையா என்று கேட்டாள். மூன்று நாளாக இப்படித்தான் என்று பூசாரி ஒப்புக்கொண்டார். அவரை பெஞ்சில் குப்புறப் படுக்க வைத்து, பிடரியில் கால் பெருவிரலால் மூன்று இழுப்பு. ஓஸ்வால்ட் எழுந்து இடதுபக்கம் பார்த்தார், வலதுபக்கம் பார்த்தார், இயேசுவே என்றார். அவர் கழுத்தைத் திருப்பித் திருப்பி ரசித்துக்கொண்டிருந்த நேரத்தில் இவர்கள் இருவரும் உள்ளே போய்விட்டார்கள்.

உள்ளே டைரக்டர் தாஸ் தரையில், பலகையின்மேல் விரித்த வரைபடத்தின்மேல், கையும் முழங்காலும் ஊன்றிக் குனிந்திருந்தார். முதுகு வில்லாக வளைந்திருந்தது. படிக்கட்டு எந்தப் பக்கம் வர வேண்டும் என்று நீலப் பென்சிலால் அளந்துகொண்டிருந்தார். அய்யாவு அதைப் பார்த்ததும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். கேட்டதெல்லாம் நிஜம்.

அவர் பங்களா ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். "சார் பேக் பெண்ட். வெரி மச் ட்விஸ்ட். மை மிஸ்ஸஸ் லெக் ஃபர்ஸ்ட் பார்ன், சார். த்ரீ டைம் லெக், சார் ஆல்ரைட்."

டைரக்டர் நிமிர்வதற்குள் யசோதாவின் இடது கால் அவர் முதுகில் இருந்தது. மேலிருந்து கீழே ஒன்று. மேலிருந்து கீழே இரண்டு. மூன்றாவது இழுப்பில் கொஞ்சம் அழுத்தம் கூடிவிட்டது. பெரிய ஆளுக்கு ஒரு பிடி கூடவே போடலாம் என்று நினைத்ததாக அவள் பின்னால் சொன்னாள். டைரக்டர் வரைபடத்தின்மேல் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். நீலப் பென்சில் புதுக் கட்டடத்தின் மூன்று மாடிகளையும் குறுக்கே கிழித்துக்கொண்டு போயிற்று. அடுத்த கணம் அவர் துள்ளி எழுந்து சுவரோடு முதுகை ஒட்டி, கொடிமரம்போல நின்றார்.

"பாத்தியா, நிமிந்துட்டாரு" என்றாள் யசோதா. பிறகு எட்டி அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, காய்ச்சல் இல்லை என்று கணவரிடம் தகவல் சொன்னாள்.

அதற்கப்புறம் அங்கே வங்காளத்திலும் ஆங்கிலத்திலும் நடந்ததை எழுத முடியாது. ஓஸ்வால்ட் புதுக் கழுத்தோடு ஓடிவந்தார். போலீஸ் என்ற சொல் இரண்டு தடவை காதில் விழுந்தது. யார் சொன்னது எனக்கு முதுகு வளைந்ததென்று டைரக்டர் கத்தினார். அய்யாவு பொய் சொல்லத் தெரியாதவர், மேடம்தான் சொன்னார்கள், டெம்பரேச்சரும் சொன்னார்கள் என்றார். அலர்மேல்மங்கையை அழைத்துவர ஆள் போயிற்று. அவள் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு ஓடிவந்து, விஷயத்தைக் கேட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அய்யாவு, டைரக்டர்னா அவர் இல்லை. அது. நீங்க தேய்க்கறேளே, குச்சியெல்லாம் எந்தப் பக்கம் பாக்கறதோ, அந்தத் திசைக்குப் பேரு டைரக்டர். வளைஞ்சது அது. நூத்திருபது டிகிரில இருக்கறதும் அதுதான்."

அது. அந்த இரண்டெழுத்து அய்யாவின் காதில் விழுந்தது. பத்து வருஷமும், பூட்ஸும், ஊதுகுழலும், எட்டு மாதத் தேய்ப்பும் ஓர் 'அது'வில் கரைந்துபோயின என்று நினைத்தார். யசோதாதான் மெல்ல, அப்போ இவருக்குச் சுளுக்கே இல்லையா என்று கேட்டாள். அவள் வாழ்க்கையில் சுளுக்கில்லாத ஆள்மேல் கால் வைத்தது அதுதான் முதல்தடவை.

அலர்மேல்மங்கை ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் டைரக்டருக்கு விளக்கினாள். அவர் குனிந்து, வரைபடத்தில் குறுக்கே போன நீலக் கோட்டைப் பார்த்தார். பிறகு, அய்யாவின் ஃபைலை எடு என்று ஓஸ்வால்டிடம் சொன்னார். ஓஸ்வால்ட் எடுத்தார். பேனாவைத் திறந்தார் டைரக்டர். அந்தக் குரலைக் கேட்டு, அந்தப் பேனாவையும் பார்த்தால், வேலை தொலைந்தது என்று குருடனுக்கும் தெரிந்திருக்கும். அப்போது என்ன தோன்றியதோ, பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, என் பெயரை வைத்துக்கொண்டு வளைகிற அந்தப் பொருளை முதலில் எனக்குக் காட்டு என்றார்.

லாயத்துக்கு ஊர்வலம் போயிற்று. முன்னால் டைரக்டர், பின்னால் அலர்மேல்மங்கை, அதற்குப் பின்னால் ஃபைலோடு ஓஸ்வால்ட், கடைசியில் புருஷனும் பெண்டாட்டியும். சூடான மேடையில் கண்ணாடி ஜோடி இருந்தது. டைரக்டர் பூதக்கண்ணாடியில் கண் வைத்தார். நன்றாயிருக்கிறது, ஆனால் கண்ணாடி துடைக்க யாராலும் முடியுமே என்றார். அலர்மேல்மங்கை இன்னொரு ஜோடியை அவரிடம் கொடுத்து, நீங்களே தேய்த்துப் பாருங்கள் சார் என்றாள். தாஸ் தம் பட்டுக் கைக்குட்டையை எடுத்துத் தேய்த்தார். சொட்டு விட்டு, சூடேற்றி, பார்த்தார். டைரக்டர் தேய்த்த டைரக்டர் நாலாபக்கமும் பாம்பு பாம்பாக நெளிந்தது.

மறுபடி தேய்த்தார். மறுபடி பாம்பு. பாலகிருஷ்ணன் ஓரமாக நின்று, எனக்கும் அப்படித்தான் சார் என்று ஆறுதல் சொன்னான்.

பிறகு அய்யாவிடம் கொடுத்தார்கள். துணியைத் தொட்டதும் விரல் தன்பாட்டில் வேலையைப் பார்த்தது, மனுஷனைக் கேட்கவில்லை. குவிந்ததில் ஓர் இழுப்பு, குழிந்ததில் ஓர் இழுப்பு. டைரக்டர் குனிந்து பார்த்தார். பத்து நிமிஷம் நிமிரவில்லை. மேடையைத் திருப்பித் திருப்பி, இருட்டாக்கியும் வெளிச்சமாக்கியும் பார்த்தார். ஆறு வருஷமாக அந்த மனிதர் கட்டட வரைபடமும் டெண்டரும் தவிர வேறெதையும் குனிந்து பார்த்ததில்லை. நிமிர்ந்தபோது முகத்தில் கடுகடுப்பைக் காணவில்லை. ஃபைல் என்று கை நீட்டினார்.

ஃபைலில் ஒரே ஒரு பகுதி காலியாக இருந்தது. இந்த ஊழியரின் பணி என்ன, இவர் இல்லாவிட்டால் நிறுவனத்துக்கு நேரும் இழப்பு என்ன என்று கேட்டிருந்தது. மூன்று வாரமாக அது காலியாக இருந்ததால்தான் கையெழுத்தாகவில்லை. ஓஸ்வால்டுக்கு அதில் என்ன எழுதுவதென்று தெரியவில்லை, கேட்கவும் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. அலர்மேல்மங்கை சொல்லச் சொல்ல அவர் அதே இடத்தில் ஆங்கிலத்தில் எழுதினார். பணி: டைரக்டரை நேராக வைத்திருப்பது. இழப்பு: இவர் இல்லாவிட்டால் டைரக்டர் கோணிவிடும். விஞ்ஞானப்படி ஓர் எழுத்துக்கூடத் தப்பில்லை. தாஸ் படித்தார், ஒரு தடவை இருமினார், கையெழுத்துப் போட்டார். சனிக்கிழமை காலைத் தபாலில் அது டெல்லிக்குப் போயிற்று.

அடுத்த ஏழு வாரம் அய்யாவு எப்படிச் சாப்பிட்டார், எப்படித் தூங்கினார் என்று அவருக்கே தெரியாது. அதைப் படித்துவிட்டு டெல்லியில் யாராவது விளக்கம் கேட்டால்? ஆங்கிலத்தில்தானே எழுதியிருக்கிறது, அங்கேயும் அவரா அதுவா என்று தெரியாதே.

மே மாதம் உறை வந்தது. அன்றைக்கு யசோதாவும் அங்கே இருந்தாள். அவள் இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமைகளில் ஆபீசுக்கு வருகிறாள், குமாஸ்தாக்களுக்குக் கழுத்து வலி அதிகம். ஓஸ்வால்ட் உறையைப் பிரித்து எழுந்து நின்று படித்தார். அய்யாவு, அட்டெண்டர், நிரந்தரம். அய்யாவு இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தார். மூன்றாவது தடவையும் படிக்கச் சொல்லிவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து, நுனியில் அல்ல, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, கண்ணாடி துடைக்கும் துணியில் முகத்தை மறைத்துக்கொண்டு அழுதார். அவ்வளவு சந்தோஷம்.

கீழே இன்னொரு குறிப்பும் இருக்கிறது என்றார் ஓஸ்வால்ட். டெல்லியில் யாரோ ஒரு பெரிய அதிகாரி சிவப்பு மையில், கைப்பட எழுதியிருந்தார். இப்படி ஒரு பணி நம் நாட்டில் இருப்பதே இதுவரை தெரியவில்லை என்றும், தலைமை ஆபீசில் டைரக்டர்கள் பதினொரு பேர் இருக்கிறார்கள், எல்லாரும் கோணல், இவரைச் சில மாதம் இங்கே அனுப்ப முடியுமா என்றும் கேட்டிருந்தார்.

அய்யாவு மிரண்டு மனைவியைப் பார்த்தார். யசோதா புடவைக் கொசுவத்தைச் சற்றே தூக்கி, தன் இடது காலை ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள்.

"அவங்களுக்குத் தேச்சாலாம் ஆவாதுய்யா. டெல்லிக்கு நான்தான் போவணும்."